நீல மூடிப் பெட்டி

கோபுஸ் நான்கு நாட்களாக எதையும் தின்னவில்லை.

கோபுஸ் ஒரு பச்சோந்தி. வயது மூன்று மாதம். ஆறு வாரத்துக்கு முன்பு என் மனைவி யோரின்டே அதை வாங்கி வந்தாள். அடுத்த வாரம் அலுவலகத்தில் காபி இயந்திரத்தின் முன் சரிந்து விழுந்தாள். மூளையில் ரத்தக்கசிவு; பிழைக்கவில்லை. அவளுக்கு முப்பத்தொரு வயது.

குளிர்சாதனப் பெட்டியின் கதவில் அவள் எழுதி ஒட்டிய தாள் இருந்தது. காலை எட்டு மணிக்கு இலைகளில் தண்ணீர் தெளிக்க வேண்டும். நீல மூடிப் பெட்டியிலிருந்து பன்னிரண்டு பூச்சிகளை விட வேண்டும். அந்தப் பெட்டி நிறையச் சுவர்க்கோழிக் குஞ்சுகள். மூடியில் ஒட்டிய சீட்டிலும் அவள் கையெழுத்து: 'சிறியவை.'

அப்படியே செய்தேன். பெட்டியை வீட்டைச் சூடாக்கும் வெப்பக்குழாய்க்குப் பக்கத்தில் வைத்தேன். பூச்சிகளுக்குக் காரட் துண்டும் ஓட்ஸும் போட்டேன். காலையில் அவை ஒளிந்திருக்கும் முட்டை அட்டையைத் தட்டி, குவளையில் விழுவதைப் பன்னிரண்டு வரை எண்ணி, கூண்டுக்குள் கவிழ்ப்பேன். அந்த ஐந்து வாரத்தில் நான் ஒரு நாள்கூடத் தவறாமல் செய்த வேலை அது ஒன்றுதான். சமைக்கவில்லை. தபால்களைப் பிரிக்கவில்லை.

சனிக்கிழமை காலையில் கோபுஸ் பகல் வெளிச்சத்திலேயே கண்ணை மூடிக்கொண்டிருந்தது. தோல் கறுத்திருந்தது. விலங்கு மருத்துவர் செவ்வாய்க்கிழமைதான் வரச் சொல்லியிருந்தார். அதுவரை தாங்காது என்று பட்டது. நீலப் பெட்டியைச் சைக்கிள் கூடையில் வைத்துக்கொண்டு, யோரின்டே அதை வாங்கிய கடைக்குப் போனேன்.

கடைக்காரி சீட்ஸ்கா என் வயதுக்காரி. நகரத்தில் ஓணான், பாம்பு வளர்க்கிறவர்கள் எல்லோரும் அவளிடம்தான் இரை வாங்குவார்கள்.

"பிராம்தான நீ? யோரின்டே வீட்டுக்காரர்."

"ஆமா."

விஷயம் அவளுக்குத் தெரிந்திருந்தது. அதைப் பற்றிப் பேசாமல் ஒரு குவளை காபி ஊற்றி வைத்தாள். பிறகு விளக்கு, வெப்பம், தண்ணீர் என்று வரிசையாகக் கேட்டாள். எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

"பூச்சி என்ன சைஸு?"

"சின்னது."

"யாரு சொன்னா?"

"மூடில எழுதியிருக்கு."

அவள் பெட்டியைத் தன் பக்கம் இழுத்தாள். "பெட்டிக்குள்ளேருந்து சத்தம் வருதா?"

"ஞாயித்துக்கிழமைலேருந்து வருது. இந்தக் குளிர்ல மாடில மட்டும் கோடைக்காலம் வந்துடுச்சான்னு கீழ்வீட்டம்மா கேட்டாங்க."

"ரெக்கை வந்த ஆம்பளைங்கதான் பாடும். குஞ்சு பாடாது, பிராம்."

மூடியைத் திறந்தாள். நானும் எட்டிப் பார்த்தேன். தினமும் பார்த்த பெட்டிதான். அதில் இருந்த எதுவும் சிறியதாக இல்லை.

கோபுஸின் இரண்டு கண்களுக்கும் நடுவில் எவ்வளவு இடம் என்று கேட்டாள். யோசித்து, சுண்டுவிரல் நகத்தைக் காட்டினேன். அவள் ஒரு பூச்சியைப் பிடித்து அந்த நகத்தின் மேல் குறுக்காக வைத்தாள். தலை ஒரு பக்கம் வெளியே நீட்டியது. கால்கள் மறுபக்கம் தொங்கின.

"அந்த எடத்த விட நீளமா எதையும் குடுக்காத. இதப் பாத்தா அது எங்க திங்கும்? பயந்துதான் கெடக்கும். விட்டு வெச்சா இவனுங்க அதக் கடிச்சுத் திம்பானுங்க."

நகத்திலிருந்த பூச்சியைப் பெட்டிக்குள் உதறினேன்.

"நீ என்ன படிச்ச?"

"புள்ளியியல்."

"அதான் எண்ணிக்கை மட்டும் சரியா இருக்கு."

ஐந்து வாரத்தில் முதல்முறையாக எனக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் போய்விட்டது.

"நானே கொன்னுட்டேனா?" என்று கேட்டேன்.

"இன்னும் இல்ல. சீக்கிரம் வீட்டுக்குப் போ."

பெரியவற்றைக் கடையிலிருந்த ஓணான்களுக்கு எடுத்துக்கொண்டு, காலிப் பெட்டியையும் குஞ்சுகள் நிறைந்த ஒரு டப்பாவையும் கொடுத்தாள். வெளியே மூன்று டிகிரி. டப்பாவைக் கோட்டுக்குள் நெஞ்சோடு அணைத்து வைத்து ஒரு கையால் சைக்கிள் ஓட்டினேன்.

முதலில் கூண்டைச் சுத்தம் செய்தேன். மரப்பட்டைக்குப் பின்னால், தொட்டிக்கு அடியில் என்று நாற்பத்தேழு பெரிய பூச்சிகள் கிடைத்தன. நாற்பத்தெட்டாவது கோபுஸின் வாலில் உட்கார்ந்திருந்தது. அதை விரலால் எடுத்தேன். அந்த இடத்தில் கடுகளவு காயம்.

பிறகு ஒரே ஒரு குஞ்சை எடுத்து கோபுஸின் எதிரே இருந்த இலையில் விட்டேன். தரையில் உட்கார்ந்துகொண்டேன்.

பூச்சி இலை விளிம்புக்கு நடந்து திரும்பியது. கோபுஸ் அசையவில்லை. பத்து நிமிடம் போனது. வலது கண் திறந்தது. அது மட்டும் தனியாகச் சுழன்று பூச்சியிடம் வந்து நின்றது. நான் மூச்சு விடவில்லை. இடது கண்ணும் திறந்து அதே இடத்துக்கு வந்தது. கோபுஸ் முன்னால் சாய்ந்தது. வாய் கொஞ்சம் பிளந்தது.

நாக்கை நான் பார்க்கவில்லை, இலை ஆடியதைத்தான் பார்த்தேன். பூச்சி இல்லை. கோபுஸ் மென்றுகொண்டிருந்தது.

சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டேன்.

இரண்டாவதை விட்டேன். மூன்றாவதை விட்டேன். நாலு மணிக்குள் ஆறு தின்றிருந்தது. முதுகில் பச்சை திரும்பியிருந்தது. சீட்ஸ்காவுக்கு 'ஆறு' என்று மட்டும் செய்தி அனுப்பினேன். 'எண்ணாத, அளந்து பாரு' என்று பதில் வந்தது.

காலையிலிருந்து நானும் சாப்பிடவில்லை என்பது நினைவுக்கு வந்தது. ரொட்டியில் பாலாடைக்கட்டி வைத்து, கூண்டுக்கு முன்னாலேயே உட்கார்ந்து தின்றேன். இன்னொன்றும் தின்றேன்.

நீல மூடியிலிருந்து யோரின்டேயின் சீட்டைக் கிழியாமல் உரித்துப் புது டப்பாவில் ஒட்டினேன். 'சிறியவை' என்பதற்குக் கீழே என் கையெழுத்தில் இன்றைய தேதியை எழுதினேன்.

கோபுஸ் ஒரு கண்ணால் என்னையும் மற்றொரு கண்ணால் டப்பாவையும் பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு குஞ்சை எடுத்து நகத்தில் வைத்துப் பார்த்தேன். இரு பக்கமும் இடம் மிச்சமிருந்தது.

ஏழாவதை விட்டேன்.