வலது மார்பில் பதக்கம்

முதல் உலகப் போர் முடிந்த நாளான நவம்பர் பதினொன்றாம் தேதி காலையில் ரெமோனுக்குக் கழுத்துப்பட்டை கட்டிவிடுவது, கல்யாணமான வருடத்திலிருந்து சொலாஞ்சின் வேலை. குழாய் வேலை பார்த்து ஓய்வுபெற்ற மனிதர், கண்ணை மூடிக்கொண்டே திருகு மாட்டுவார். கழுத்துப்பட்டை என்றால் மட்டும் அந்தக் கைக்கு முடிச்சு வராது. ஊர்த் தீயணைப்புப் படையில் இருந்ததற்காகக் கொடுத்த பதக்கத்தைக் குத்திக்கொண்டு, ஊர்வலத்தின் முன்னால் கொடி தூக்கிப் போர் நினைவுத் தூணுக்குப் போவதுதான் அவருக்கு வருடத்தின் பெரிய நாள். மற்ற வருடங்களில் விடிவதற்குள் பூட்ஸைத் துடைத்து வைத்துவிட்டு அவள் உயிரை வாங்குவார். இந்த வருடம் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு, கொடியை வேறு யாராவது தூக்கட்டுமே என்றார்.

எல்லாம் அந்தக் கேப்டனால் வந்த வினை. சாப்பாட்டு அறையில், பீங்கான் அலமாரிக்கு மேலே மாட்டியிருந்த படம் அது. நெப்போலியன் காலத்து நீலக் கோட்டு, சிவப்புக் காலர், ஒரு தோளில் தங்கக் குஞ்சம், மார்பில் சிலுவைப் பதக்கம். ரெமோனின் முப்பாட்டனுக்கும் முந்தியவனாம். வாள் வலது இடுப்பில் தொங்குவதால் ஆள் இடக்கைக்காரன் என்று குடும்பத்தில் முடிவு கட்டியிருந்தார்கள். ரெமோனும் இடக்கைக்காரர் என்பதால் அதில் அவருக்குத் தனிப் பெருமை. படத்தின் சட்டத்துக்கு வெளியே போய் மறைந்துவிடும் அந்த இடது கை, குதிரையின் கடிவாளத்தைப் பிடித்திருப்பதாகவும் ஐதீகம். ஊர்வலம் முடிந்ததும் ரெமோன் பாதி ஊரை வீட்டுக்கு அழைத்துவந்து, ஆளுக்கொரு கோப்பை வெள்ளை ஒயின் ஊற்றிக் கேப்டனின் வீரப் பிரதாபத்தை அளப்பார். சொலாஞ்சுக்கு அந்த ஆளைக் கட்டோடு பிடிக்காது. மருமகளாக வந்த நாள் முதல், தான் ரொட்டியில் எவ்வளவு வெண்ணெய் தடவுகிறோம் என்பதையே புருவத்தை நெரித்துக்கொண்டு அவன் பார்ப்பதாக அவளுக்குப் பட்டது.

செப்டம்பரில் திஜோன் நகரத்திலிருந்து, பழைய ராணுவ உடுப்புகளை ஆராய்கிற சங்கத்தைச் சேர்ந்த லக்ரோ என்பவரை ரெமோனே வரவழைத்தார். எந்தப் படைப்பிரிவு என்று தெரிந்தால் ஒரு பித்தளைத் தகடு செய்து மாட்டலாம் என்று ஆசை. லக்ரோ தங்கமான மனிதர். நாற்காலி மேல் ஏறிப் பூதக்கண்ணாடியால் பார்த்து, துணி, பொத்தான், கைமடிப்பு எல்லாம் காலாட்படைக் கேப்டனுக்கு அச்சு அசலாகப் பொருந்துவதாகச் சொன்னார். பிறகு பூதக்கண்ணாடியை மார்புப் பக்கம் கொண்டுபோனார். பதக்கம் வலது மார்பில், வாள் வலது இடுப்பில், குஞ்சமும் வலது தோளில். இடக்கைக்காரனுக்கென்று பதக்கத்தை இடது மார்பிலிருந்து மாற்றிக் குத்த எந்தப் படையிலும் விடமாட்டார்கள், யாரோ நாடக நடிகன் உடுப்பை மாட்டிக்கொண்டு நின்றிருக்கலாம் என்று, நோயாளியிடம் பேசுகிற குரலில் சொல்லிவிட்டுப் போனார். அந்தச் சேதி ரெமோனுக்கு முன்னாலேயே காபிக் கடைக்குப் போய்விட்டது. அங்கே யாரோ அவருக்கு 'நாடகக் கம்பெனி' என்று பெயர் வைத்தார்கள். அன்று மாலையே கேப்டன் நிலவறைக்கு இறங்கி, உருளைக்கிழங்கு மூட்டைகளுக்குப் பக்கத்தில் சுவரைப் பார்த்து நின்றான். சாப்பாட்டு மேசையில் ரெமோன் பேசுவதை நிறுத்தினார். பிடிக்காத ஆள் தொலைந்தான் என்று சொலாஞ் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் சுவரின் வெளுத்த இடத்தைப் பார்க்காமல் சூப்பைக் குடிக்கப் பாடுபடும் கணவனைப் பார்க்க அவளுக்குப் பொறுக்கவில்லை.

இன்று அவள் விடுவதாக இல்லை. கையைப் பிடித்து இழுத்து அலமாரிக் கண்ணாடி முன் நிறுத்தினாள். முடிச்சைப் போட்டாள். பதக்கத்தை இடது மார்பில் குத்தி, நேராக இருக்கிறதா என்று கண்ணாடியை நிமிர்ந்து பார்த்தாள். அங்கே நின்ற ரெமோனுக்குப் பதக்கம் வலது மார்பில் இருந்தது.

அவள் நிலவறைக்கு இறங்கினாள். படத்தைத் திருப்பி வைத்து, அந்த நெரித்த புருவத்தை முதல்முறையாக நிதானமாகப் பார்த்தாள். மூக்கு சரியாக வந்திருக்கிறதா என்று கவலைப்படுகிறவனின் முகம் அது. பாவம், வெண்ணெயை அவன் பார்த்ததே இல்லை. மூச்சு வாங்க மேலே தூக்கிவந்து கட்டிலில் சாய்த்தாள்.

"மறுபடியும் எதுக்கு இத?" என்றார் ரெமோன்.

"உன் பதக்கம் எந்தப் பக்கம் இருக்கு?"

"இடது பக்கம். நீதான குத்துன."

"கண்ணாடியில பாரு."

பார்த்தார். பிறகு படத்தைப் பார்த்தார். மறுபடி கண்ணாடி.

"அவன் குதிரையும் பிடிக்கல, கழுதையும் பிடிக்கல" என்றாள் சொலாஞ். "அந்தக் கையில பிரஷ் இருக்கு. கண்ணாடிக்கு முன்னால நின்னு தன்னையே வரைஞ்சிருக்கான்."

"அப்போ கேப்டன் இல்லையா?"

"உடுப்புல ஒரு தப்பும் இல்லன்னு அந்த மனுஷனே சொன்னாரே. கேப்டன்தான். படமும் வரைவான், அவ்வளவுதான். இடக்கைக்காரன் மட்டும் கிடையாது, அத நீ விட்டுக்குடுத்துத்தான் ஆகணும்."

ரெமோன் படத்தைத் தூக்கிக் கண்ணாடிக்கு எதிரே பிடித்தார். உள்ளே கேப்டன் சரியாக நின்றான். பதக்கம் இடது மார்பில், வாள் இடது இடுப்பில், எந்தப் படையும் குறை சொல்ல முடியாதபடி. பக்கத்தில் ரெமோனின் பதக்கம்தான் இப்போது இடம் மாறியிருந்தது. சொலாஞ்சுக்குக் கண் கலங்கிவிட்டது.

தெருவில் வாத்தியக் குழு ஊதிப் பார்க்கும் சத்தம் கேட்டது. ரெமோன் படத்தைக் கீழே வைத்துவிட்டுப் பதக்கத்தைக் கழற்றி, தன் கையாலேயே வலது மார்பில் குத்திக்கொண்டார்.

"என்ன பண்ற? ஊரே சிரிக்கும்."

"சிரிக்கட்டும். சிரிச்சிட்டு ஏன்னு கேப்பாங்கல்ல" என்றார் ரெமோன். "கோப்பையெல்லாம் எடுத்து வை."

கொடியைத் தோளில் சாய்த்துக்கொண்டு படியிறங்கினார். சொலாஞ் கேப்டனைப் பழைய ஆணியில் மாட்டி, கையோடு ஒட்டிவந்த உருளைக்கிழங்கு மண்ணைத் துடைத்துவிட்டு ஜன்னலுக்கு வந்தாள். தெருமுனையில் மேயர் ரெமோனின் மார்பைப் பார்த்து நின்றுவிட்டார். குனிந்து மெதுவாக ஏதோ கேட்டார். கொடிக்கம்பு நிமிர்ந்தது. ரெமோன் இடது கையை நீட்டி, இந்த ஜன்னலைக் காட்டினார்.