செசீலியா வந்த வியாழக்கிழமைகள்

அறுபத்தாறாம் ஆண்டளவில் வியாழக்கிழமை மாலையானால் எனக்குப் போக ஓர் இடம் இருந்தது. மட்டக்களப்பு நகரில், புளியந்தீவு வாவிக்கரையோடு இருந்த தேவாலயப் பள்ளிக்கூடம். அதன் பின் வகுப்பறையில், சின்னப்பிள்ளைகளின் வாங்குகளில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து, நாங்கள் மூன்று பேர் பேசிக்கொண்டிருப்போம். மூவருமே குடியில் விழுந்து எழும்பியவர்கள்.

கூட்டத்தைத் தொடங்கியவர் பற்றிக், ரயில்வே கார்ட். கொழும்பில் இப்படியொரு கூட்டத்துக்குப் போய்க் குடியை விட்டவர். மட்டக்களப்புக்கு மாற்றலாகி வந்ததும், தனியே இருந்தால் திரும்பவும் தொட்டுவிடுவேன் என்று பயந்துதான் எங்களைத் தேடிப் பிடித்தார். மற்றவர் கதிர்காமத்தம்பி, வாவிக்கு அப்பால் வயல் செய்பவர், தோணியில் வருவார். மூன்றாவது ஆள் நான், ஜெயராஜா, கந்தோரில் எழுதுவினைஞன். பிரசங்கம் கிடையாது, சத்தியம் வாங்குவதும் கிடையாது. “நான் குடிகாரன்” என்று தொடங்கி அவரவர் கதையை அவரவர் சொல்வோம். பால் விடாத இஞ்சிப் பிளேன்ரீயைப் பற்றிக்தான் கொண்டுவருவார்; பனங்கட்டி கடித்துக் குடிப்போம். அந்த இஞ்சியின் காரம் இன்னும் நாக்கில் நிற்கிறது.

ஒரு மழைநாளில், குடையிலிருந்து தண்ணீர் சொட்ட ஒரு பெண் வாசலில் வந்து நின்றாள்.

“குடிய விடுற கூட்டம் இதுதானா?”

“ஓம். ஆருக்கு?” என்றார் பற்றிக்.

“என்ட மனுசனுக்கு.”

“அவர் வரல்லியா?”

“வரமாட்டாராம். அதான் நான் வந்திரிக்கன்.”

செசீலியா குருக்கள்மடத்திலிருந்து பஸ்ஸில் வந்திருந்தாள். கணவன் மத்தேயு வள்ளம் கட்டும் தச்சன். நல்ல வேலைக்காரன், ஆனால் மத்தியானத்துக்குமேல் கள்ளுத் தவறணையில்தான் இருப்பான். பங்குச் சுவாமியிடம் கூட்டிப்போய்ப் பீடத்துக்கு முன்னால் சத்தியம் செய்ய வைத்தாள். அது ஒரு ஞாயிறோடு போயிற்று. மதுவிலக்குக்காரர்கள் கெட்டுப்போன ஈரலின் படம் போட்ட ஒரு துண்டுப்பிரசுரத்தைக் கொடுத்து அனுப்பினார்கள். பிறகு மத்தேயு குடிவெறியில் மதகிலிருந்து விழுந்து கையை முறித்துக்கொண்டபோது, ஆஸ்பத்திரித் தாதி ஒருத்தி எங்களைப் பற்றிச் சொல்லியிருக்கிறாள்.

பற்றிக் தயங்கினார். “தங்கச்சி, இது குடிச்ச ஆக்களுக்கான கூட்டம். அவர் வராம நாங்க என்ன செய்யிற?”

“நீங்க உங்கட கதையச் சொல்லுங்க. குடிக்கிற மனுசனுக்குள்ள என்ன நடக்குதெண்டு எனக்குத் தெரியோணும். கலியாணம் முடிச்ச நாளிலயிருந்து எனக்கு அது விளங்கல்ல.”

அப்படி ஒருவரும் எங்களிடம் கேட்டதில்லை. கதிர்காமத்தம்பி நகர்ந்து வாங்கில் இடம் விட்டார்.

அன்று அவர், வைக்கோல் போருக்குள் போத்தலை ஒளித்து வைத்த கதையைச் சொன்னார். கடைசிவரை மனைவிக்குத் தெரியாது என்று பெருமையாக முடித்தார்.

“அவக்குத் தெரியும்” என்றாள் செசீலியா.

“இல்ல புள்ள.”

“வீட்ட போய்க் கேட்டுப் பாருங்க.”

அடுத்த வியாழன் கதிர்காமத்தம்பி வெட்கச் சிரிப்போடு வந்தார். “தெரியுமாம். ஒவ்வொரு நாளும் பாதிய ஊத்திப்போட்டுத் தண்ணி கலந்து வெச்சவளாம். சரக்கு சரியில்லையெண்டு நான் கடைக்காரனோட சண்டைக்கும் போயிரிக்கன்!” நாங்கள் வயிறு நோகச் சிரித்தோம். செசீலியாவும் சிரித்தாள். அதற்குமுன் அவள் சிரித்து நான் பார்த்ததில்லை.

அவள் தவறாமல் வந்தாள். வெறியில் இருப்பவனோடு வாக்குவாதப்படக் கூடாது, அவனுக்காக ஊராரிடம் பொய் சொல்லக் கூடாது, அவனுக்காகப் பட்டினி கிடக்கக் கூடாது என்று எங்கள் கதைகளிலிருந்து அவளே கண்டுபிடித்தாள். மத்தேயுவைப் பற்றி ஒரு குறையும் சொன்னதில்லை.

மாசி மாதம். கதிர்காமத்தம்பி பேசிக்கொண்டிருந்தார். “விடியக்காலம் கை நடுங்கும். ஒரு மிடறு உள்ள போனாத்தான் மண்வெட்டியப் பிடிக்க ஏலும்.”

“எனக்கும் உளி பிடிக்க ஏலா” என்றது யன்னலுக்கு வெளியே ஒரு குரல்.

மத்தேயு நின்றிருந்தான். கண்கள் சிவந்திருந்தன. மனைவி வாரம் தவறாமல் பட்டணம் போகிறாள் என்று ஊரில் யாரோ மூட்டிவிட, சண்டை பிடிக்கவென்றே அடுத்த பஸ்ஸில் வந்திருக்கிறான். செசீலியா திரும்பிப் பார்க்கவில்லை. மடியில் கைகளை இறுகக் கோத்துக்கொண்டாள்.

“உள்ள வாங்க” என்றார் பற்றிக்.

வந்தான். “இவள் என்னப் பத்தி என்னெல்லாம் சொன்னவள்?”

“ஒண்டும் சொல்லல்ல. எங்களப் பத்தித்தான் கேட்டவ.”

அவன் வாங்கின் நுனியில் உட்கார்ந்தான். அடுத்த வியாழன் இருவருமாக வந்தார்கள்.

உடனே எல்லாம் சரியாகிவிடவில்லை. உயிர்த்த ஞாயிறன்று திரும்பவும் குடியில் விழுந்தான். சில வாரம் முகம் காட்டவில்லை. செசீலியா மட்டும் தனியே வந்து போனாள். பிறகு ஒருநாள் சவரம்கூடச் செய்யாமல் வந்து, “மறுகாவும் முதல்ல இரிந்து தொடங்கோணும்” என்றான். பற்றிக் தேநீரை ஊற்றிக் கொடுத்தார். அதற்குப் பிறகு அவன் தொடவில்லை.

அடுத்த ஆண்டு அவன் கட்டிய பெரிய வள்ளம் ஒன்றை வாவியில் இறக்கியபோது எங்களையும் அழைத்திருந்தான். வள்ளம் இறக்கினால் தச்சனுக்குப் போத்தல் கொடுப்பது வழக்கம். சொந்தக்காரர் நீட்டினார். மத்தேயு அதையே கொஞ்ச நேரம் பார்த்தான்.

“எனக்கு ஏலாது அண்ணே, நான் குடிகாரன்” என்றான், எல்லாருக்கும் கேட்க. எங்கள் வகுப்பறையில் சொல்வதுபோலவே, வெட்கமில்லாமல்.

பிறகு எங்கள் எல்லாரையும் வள்ளத்தில் ஏற்றித் தண்டு வலித்தான். நாடெல்லாம் ரயிலில் சுற்றிய பற்றிக்குக்குத் தண்ணீர் என்றால் பயம். கதிர்காமத்தம்பியின் தோளைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, மாதாவைக் கூப்பிட்டபடி வந்தார். செசீலியா வாய்விட்டுச் சிரித்தாள். வெயில் சாய்ந்து வாவி முழுக்க மஞ்சளாகக் கிடந்தது. கரைக்குத் திரும்ப எங்களில் ஒருவருக்கும் மனம் வரவில்லை.