ஐயாயிரம் மீட்டருக்கு ஒரு மாப்பிள்ளை

மாமனார் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். மாப்பிள்ளை மூக்குக்கண்ணாடிக் கடையில் கண்ணாடி தேய்ப்பவர். இரண்டு பேருமாக வெளிநாட்டுக்குப் போய் மலை ஏறுவது என்று முடிவான நாளிலிருந்து வீட்டில் வேறு பேச்சே இல்லை. முடிவெடுத்தது என்னவோ மாமனார்தான். மாப்பிள்ளை தலையாட்டினார். மாமனார் முன்னால் தலையாட்டுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

முதலில் போட்ட திட்டத்தில் ஒரு வம்பும் இல்லை. ஏரிக்கரையில் இரண்டு நாள் தங்கல், காட்டு வழியில் கொஞ்சம் நடை, அவ்வளவுதான். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே மாமனார் வரைபடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

"ஏரியைச் சுத்தறதுக்கா மாப்பிள்ளை அவ்வளவு தூரம் போகணும்? பக்கத்துலயே மூவாயிரம் மீட்டர்ல ஒரு கணவாய் இருக்கு. என்ன சொல்றீங்க?"

"உங்க இஷ்டம் மாமா."

அதற்கடுத்த வாரம் அது நாலாயிரமானது. மழை மாதத்தில் பாதை வழுக்குமாம், அதனால் பயணமும் குளிர்காலத்துக்குத் தள்ளிப்போனது. அதற்கும் இந்த மனுஷன் தலையாட்டினார். அட, ஆட்டுகிற தலைக்கு ஒரு அளவு வேண்டாமா?

மாப்பிள்ளைக்குச் சின்ன வயதிலிருந்தே ஆஸ்துமா. குளிர்காற்று பட்டால் போதும், நெஞ்சு விசிலடிக்கும். சம்பந்தம் பேசும்போது அவர் வீட்டில் அதை மூடி மறைத்துவிட்டார்கள். "கல்யாணம் ஆனதும் மெதுவா சொல்லிக்கலாம்டா" என்றாள் அம்மா. அந்த மெதுவுக்கு ஆறு வருஷம் ஆகிவிட்டது. மனைவிக்குத் தெரியும். மாமனாருக்குத் தெரிந்தால் ஏமாற்றுக்காரக் குடும்பம் என்று காறித் துப்புவார் என்பதுதான் அவரை அரித்துக்கொண்டிருந்தது.

"அப்பாகிட்ட சொல்லித் தொலைங்களேன்" என்றாள் மனைவி. "அங்க போய் மூச்சு நின்னுபோச்சுன்னா என் கதி என்ன?"

"இத்தனை வருஷம் கழிச்சு எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுச் சொல்றது?"

"அப்ப நான் சொல்றேன்."

"அம்மா தாயே, அது இன்னும் கேவலம்."

கடைசியில் முன்பணம் கட்டும் நாளும் வந்தது. பயண ஏற்பாட்டு அலுவலகத்தில் கணினிக்குப் பின்னால் இருந்த பெண்ணிடம் மாமனார் புதிதாக ஒன்றை எடுத்துவிட்டார்.

"ஐயாயிரம் மீட்டர்ல ஒரு முகாம் இருக்காமே? அங்க ரெண்டு ராத்திரி போடுங்கம்மா."

அவள் தட்டச்சு செய்வதை நிறுத்தினாள். "ஐயா, அந்த உயரத்துல பாதிக் காத்துதான் இருக்கும். குளிர்காலம் வேற. உங்க ரெண்டு பேர்ல யாருக்காவது நெஞ்சுவலி, வீசிங் ஏதாவது உண்டா?"

"எனக்கு ஒண்ணும் இல்ல" என்று மாமனார் மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்தார்.

மாப்பிள்ளை இல்லை என்று சொல்ல வாயெடுத்தார். மனைவியின் நினைப்பு வந்தது. மானம் போனால் போகட்டும் என்று துணிந்துவிட்டார்.

"எனக்கு இருக்கு மாமா. சின்ன வயசுலேர்ந்தே இருக்கு. கல்யாணத்தப்போ மறைச்சுட்டோம். தப்புதான்."

மாமனார் நாற்காலியில் சாய்ந்தார்.

"அப்பாடா! ஏரியில ஆரம்பிச்சு எங்க வந்து நிக்கறேன் பாருங்க. இதுக்கு மேல உயரமான மலைக்கு நான் எங்க போவேன்? நிஜமாவே ஏற வேண்டி வந்துடுமோன்னு குலை நடுங்கிப்போச்சு."

"மாமா, உங்களுக்கு..."

"முதல் வருஷமே தெரியும் மாப்பிள்ளை. நம்ம வீட்டுல தங்கினா, ராத்திரி குளியலறைக்குள்ள போய் குழாயைத் திறந்துவிட்டுட்டு இருமுறீங்க. தண்ணிச் சத்தத்துல வெளிய கேக்காதுன்னு நினைப்பு. கதவுக்கு இந்தப் பக்கம் நானும் உங்க அத்தையும் நின்னுக்கிட்டேதான் இருப்போம். உள்ள இருமல் அடங்கினதுக்கு அப்புறம்தான் போய்ப் படுப்போம். நீங்க கூப்பிடாம நாங்க எப்படிக் கதவைத் தட்டறது, சொல்லுங்க?"

மாப்பிள்ளைக்கு அழுகை வந்துவிட்டது. எதிரே ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள் என்றுகூட அவர் பார்க்கவில்லை.