முறுகல் ஓரம்

"ஆனியன் ரவா ஒன்னு, காலித் தட்டு ஒன்னு, அதானே சார்?" என்று கேட்டுக்கொண்டே கபாலி மூன்று டம்ளர் தண்ணீரை வைத்தான். பிறகு என் பக்கம் தலையை ஆட்டி, "அம்மாக்கு வெறும் இட்லி. சாம்பார், சட்னி ஒன்னும் வாணாம். ஞாபகம் கீது" என்றான். அவனுக்கு ஞாபகம் இல்லாமல் போகுமா. மயிலாப்பூரில் இந்த ஓட்டலுக்கு நாங்கள் செவ்வாய்க்கிழமை தவறாமல் வருகிறவர்கள். அந்தக் காலித் தட்டு போன மாசி வரைக்கும் என் முன்னால்தான் வந்து உட்காரும். இப்போது மேசையைச் சுற்றிக்கொண்டு போய்ச் சந்திரிகாவின் முன்னால் உட்காருகிறது.

தி.நகரில் எங்களுக்கு ஜவுளிக்கடை. செவ்வாய் சாயங்காலம் கொஞ்சம் கூட்டம் குறையும். கடையைக் கொழுந்தனாரிடம் விட்டுவிட்டு, கற்பகாம்பாளைக் கும்பிட்டு, இங்கே வந்து ஒரு ரவா தோசையை நானும் அவரும் பாதிப் பாதியாகச் சாப்பிடுவது கல்யாணமான புதிதில் ஆரம்பித்த பழக்கம். பங்கு பிரிப்பது அவர் வேலை. நாள் முழுக்கத் துணி கிழித்துக் கொடுத்துப் பழகிய கை, தோசையையும் பிசிறில்லாமல் கிழிக்கும். சல்லடை போல மொறுமொறுவென்றிருக்கும் ஓரமெல்லாம் எனக்கு. நடுவில் வெங்காயத்தோடு தடித்துக் கிடப்பது அவருக்கு. "முறுகல் வாயைக் கீறும். நீ எடுத்துக்கிடு வடிவு" என்பார். எனக்கும் அதுதான் பிடிக்கும் என்பதால் நான் மறுபேச்சுப் பேசியதில்லை.

மாசியில் வயிறு படுத்திய பாட்டில் பாதியாக இளைத்துப் போனேன். ஆழ்வார்பேட்டை டாக்டர் குழாயெல்லாம் விட்டுப் பார்த்து, கோதுமை என் குடலுக்கு ஆகாது, இனி ஆயுசுக்கும் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டார். சப்பாத்தி போகட்டும், அது எனக்கு உறவும் இல்லை பகையும் இல்லை. ரவை, மைதா, சேமியா எல்லாமே அதன் பிள்ளைகள்தான் என்பது அப்புறம்தான் உறைத்தது. பெருங்காயத் தூளில் மைதா கலப்பார்கள் என்றதும் ஓட்டல் சாம்பாரும் ரசமும் போயின. ரவா ஊற்றிய கல்லில்தானே சாதா தோசையும் ஊற்றுகிறார்கள், அதுவும் போயிற்று. ஒரு துணுக்கு பட்டாலே இரண்டு நாள் படுக்கைதான். கடைசியில் வெளியே சாப்பிட எனக்கு மிஞ்சியது இட்லியும், கைப்பையில் டப்பாவில் எடுத்துவரும் வீட்டுப் பொடியும்.

அவர் நிறுத்திவிடலாம் என்றுதான் சொன்னார். நான்தான் விடவில்லை. மற்ற நாளெல்லாம் அவர் கடைக்குச் சொந்தம். இந்த அரைமணி நேரம் என்னுடையது. தோசைதான் போயிற்று, அவர் எதிரில் உட்காரும் இடத்தையும் விட்டுக்கொடுக்க வேண்டுமா என்ன.

அப்படி வீம்பு பிடித்தவள்தான், கோயில் வாசலில் சந்திரிகாவைப் பார்த்தபோது, "வாயேன், டிபன் சாப்பிட்டுட்டுப் போவோம்" என்று கூப்பிட்டேன். யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட கதை. அவள் இவருடைய அத்தை மகள். முதலில் இவருக்குப் பேசியிருந்து, ஜாதகம் ஒத்துவராமல் விட்டுப்போன பெண். அகமதாபாத்தில் வாழ்ந்துவிட்டு, புருஷன் தவறிய பிறகு மகன் ஹரிக்குத் தரமணியில் வேலை கிடைக்கவே, கொட்டிவாக்கத்துக்குக் குடிவந்திருந்தாள். அன்றைக்கு இவர் பாதி தோசைக்கு மேல் முடியாமல் திணற, "மிச்சத்தை நான் எடுத்துக்கிடுதேன் அத்தான்" என்று தட்டை நீட்டினாள். அதிலிருந்து செவ்வாய்தோறும் வருகிறாள். எனக்கென்று சிறுதானிய மாவெல்லாம் அரைத்துக் கொண்டுவந்து தருகிறாள். அவள் நல்லவளாக இருப்பதுதான் தொல்லை. கெட்டவளாக இருந்தால் ஒரு சண்டை போட்டு முடித்திருக்கலாம்.

போன வாரம் வரை ஓரத்தைக் கிழித்து அவள் தட்டில்தான் வைத்தார். அதைப் பார்த்துக்கொண்டு இட்லி விழுங்குவதே எனக்குப் பெரும்பாடாக இருந்தது. இன்றைக்கு அவர் கிழிக்கக் கை வைத்ததும் சந்திரிகா தடுத்தாள்.

"ரூட் கெனால் பண்ணியிருக்கு அத்தான். எனக்கு நடுவுல மெத்துன்னு இருக்கதைத் தாங்க."

நடுப்பாகம் அவளுக்குப் போனது. ஓரம் முழுக்க இவர் தட்டில் நின்றது. ஒரு துண்டை ஒடித்து வாயில் போட்டார். அது நொறுங்குகிற சத்தம் எனக்குக் கேட்டது. கண்ணை மூடிக்கொண்டு மென்றார். அடுத்ததை ஒடித்தார். இந்த மனிதர் இத்தனை ருசித்து எதையும் தின்று நான் பார்த்ததில்லை.

"முறுகல் வாயைக் கீறும்னுல்லா சொல்லுவிய" என்றேன்.

"கீறும்தான்" என்றார், வாய் நிறைய முறுகலை வைத்துக்கொண்டு.

சந்திரிகா சிரித்துவிட்டாள். "யாருக்கு, அத்தானுக்கா? நல்லாச் சொன்னிய அக்கா. சின்னதுல மாமா வீட்டுக்குப் போனா, தோசைக்கல்லுப் பக்கத்துலயே குத்தவச்சிருப்பாவ. ஓரத்தை யாரையும் தொட விடமாட்டாவ. அதுக்கு எங்க ரெண்டு பேருக்கும் நடக்காத சண்டையா."

அவர் மறுக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு லேசாகச் சிரித்தார். இத்தனை வருஷமும் தனக்குப் பிடித்ததை எனக்குக் கிழித்துக் கொடுத்திருக்கிறார். வேறு யாராவது இதைச் சொல்லியிருந்தால் நான் பூரித்துத்தான் போயிருப்பேன். ஆனால் என் புருஷன் எனக்கு விட்டுக்கொடுத்தது எதுவென்று இவள் சொல்லி நான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. அவளுக்கு இது சின்ன வயதிலேயே தெரியும். இன்றைக்கு அவள் ஒரு வார்த்தை சொன்னதும் அவருக்குப் பிடித்தது அவர் தட்டிலேயே நிற்கிறது. எனக்கு வயிறு எரிந்தது. பொறாமை என்றால் பொறாமைதான், அதற்கு டாக்டர் மாத்திரை எழுதித் தரவில்லை.

டப்பாவைத் திறந்து பொடியைக் கொட்டி, எண்ணெய் விட்டுக் குழைத்தேன். அவர்கள் இரண்டு பேரும் ஊர் தோசைக்கல்லை விட்டுவிட்டு ஹரிக்குப் பெண் பார்க்கிற பேச்சுக்குப் போயிருந்தார்கள். அவர் அவள் முகத்தைப் பார்த்து ஏதோ சொல்லிக்கொண்டே, தட்டில் கடைசியாக இருந்ததில் நன்றாகச் சிவந்த ஓரமாகப் பார்த்து ஒடித்தார். ஒடித்த கை அவர் வாய்க்குப் போகவில்லை. மேசையைத் தாண்டி வந்து, என் இட்லிக்குப் பக்கத்தில் அதை வைத்துவிட்டுப் போனது. அவர் பேச்சு நிற்கக்கூட இல்லை.

சந்திரிகாதான் பதறினாள். "அய்யோ அத்தான், அக்கா தொடக்கூடாதுல்லா" என்று எடுக்கக் கை நீட்டினாள். அப்போதுதான் அவருக்கே தெரிந்தது. கையை அந்தரத்தில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

நான் இடது கையால் தட்டைப் பொத்திக்கொண்டேன்.

"இருக்கட்டும்" என்றேன்.

"இட்லியையும் இனிச் சாப்பிட முடியாதே அக்கா. வேற சொல்லுவோம்."

"வேண்டாம். இருக்கட்டும்."

வைக்கோல்போர் நாய் என்று நினைத்திருப்பாள். நினைத்துக்கொள்ளட்டும். காப்பி வந்தது. அவர்கள் குடித்தார்கள். தட்டெடுக்க வந்த கபாலி தொடாத இட்லியையும் என் கையையும் பார்த்துவிட்டு, மற்ற இரண்டு தட்டுகளை மட்டும் எடுத்துக்கொண்டு போனான். எனக்கு நல்ல பசி. விரல் இடுக்கு வழியாகப் பார்த்தேன். பொடி எண்ணெய் மெல்லப் பரவி, முறுகலின் ஒவ்வொரு ஓட்டையாக ஏறிக்கொண்டிருந்தது.