வாசல்தூணில் ஒரு பள்ளம்

அன்று காலை மணிக்கூண்டின் அடியில் நின்றவர்கள்: சுற்றுலா வழிகாட்டியான என் அக்கா. அவளைச் சோதிக்க அலுவலகம் அனுப்பிய தேர்வாளர், கையில் அட்டை, அட்டையில் விடைத்தாள். புதுமணத் தம்பதி ஒன்று. ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியாரும் அவர் மனைவியும். குடையை மடக்கவே மாட்டேன் என்ற ஒரு பெண்மணி, அவருடைய இரண்டு தங்கைகள். கூட்டத்தின் எட்டாவது ஆளாக நான்.

எட்டுப் பேர் சேராவிட்டால் தேர்வு நடக்காது. சொந்தக்காரர் யாரும் கூட்டத்தில் இருக்கவும் கூடாது. ஏழு பேர்தான் தேறினார்கள் என்பதால் அக்கா விடிவதற்குள் எனக்கு போன் செய்துவிட்டாள். ராத்திரிக் கிடங்குக் காவல் முடிந்து சட்டைகூட மாற்றாமல் வந்திருந்தேன்.

"அக்கான்னு வாய் தவறினே, என் பொழப்புல மண்ணுதான். மேடம்னு கூப்பிடு."

"நீ எப்போ மேடம் ஆனே?"

"இன்னைக்கு மட்டும். கொட்டாவி விடாதே."

மூன்று வருடத்துக்கு ஒரு முறை வழிகாட்டி உரிமப் பட்டையைப் புதுப்பிக்க வேண்டும். ஐந்து இடம், இடத்துக்கு ஒரு கட்டாயக் கேள்வி, ஐந்தும் சரியாக இருக்க வேண்டும். போன மாதம் பழைய நீதிமன்றத்தில் ஒரு வருடத்தை மாற்றிச் சொல்லித் தோற்றிருந்தாள். இது இரண்டாவது வாய்ப்பு. மூன்றாவது கிடையாது. பட்டை இல்லாதவளை எந்த வாசலிலும் நிற்க விடமாட்டார்கள். பதினோரு வருடமாகக் கூட்டத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டே பின்பக்கமாக நடந்து பழகியவள். வேறு எந்த வேலைக்கும் முன்பக்கமாக நடக்க வேண்டும்.

மணிக்கூண்டைக் கட்டியவர் பெயரைச் சரியாகச் சொன்னாள். நீதிமன்றத்தில் அந்த வருடத்தை ஒவ்வொரு எண்ணாகச் சொன்னாள், மருந்துச் சீட்டைப் படிப்பதுபோல. மூன்றாவது இடம், வெள்ளைக்கார கவர்னர் நடனமாடிய கூடம்; அங்கே இப்போது பத்திரப் பதிவு நடக்கிறது. கோப்புகளை அணைத்துக்கொண்டு வரிசையில் நின்றவர்கள் எங்களை ஏற இறங்கப் பார்த்தார்கள்.

"இடம் வாங்கினவங்கன்னா வரிசையில நில்லுங்க," என்றார் ஒருவர்.

"நாங்க வாங்க வரலங்க, பார்க்க வந்தோம்," என்றார் குடைக்காரம்மா.

"இங்க பார்க்க என்ன இருக்கு? காலையிலிருந்து நானும்தான் பார்க்கறேன்."

அடுத்தது கோயில். வெள்ளைக்காரன் கோடு கிழித்துப் போட்ட தெரு அந்த ஓரிடத்தில் மட்டும் கோயிலைச் சுற்றி வளைகிறது. வளைத்தது யார் என்பது கேள்வி. அதற்கும் பதில் சொல்லிவிட்டாள். தேர்வாளருக்குப் புது ஷூ. கோயில் வாசலில் கழற்றியவர், திரும்பி வந்து படியில் உட்கார்ந்து அந்த ஷூவைப் பங்காளியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். அப்புறம் போடவேயில்லை. கையில் தூக்கிக்கொண்டு நடந்தார்.

நாலு முடிந்தது. மிஞ்சியது தேவாலயம் மட்டும்.

உள்ளே குளிர்ச்சியாக இருந்தது. வாத்தியார் ஒரு பெஞ்சில் சரிந்தார். நானும் சரிந்திருப்பேன், அக்கா முறைத்தாள். வாசலை ஒட்டிய கல்தூணில், இடுப்பு உயரத்தில், ஒரு விரல் புதையும் அளவுக்கு நீளப் பள்ளம். தேர்வாளர் அதைக் காட்டினார்.

"இது எப்படி வந்துச்சு?"

அக்கா முகத்தில் நிம்மதி தெரிந்தது. "சிப்பாய்ங்க வாள் தீட்டின இடம் சார். ஜெபத்துக்கு வரும்போது..."

"தப்பு," என்றார்.

குடைக்காரம்மாவின் தங்கைகள் பேச்சை நிறுத்தினார்கள்.

"பீரங்கிக் குண்டு பட்ட இடம்னு இருக்கு. புதுக் கையேட்டுல."

"எந்தக் கையேடு?"

"இன்னும் அச்சாகல. விடைத்தாள் மட்டும் முதல்ல வந்துடுச்சு."

பீரங்கி யாருடையது என்று எனக்குத் தெரியும். ஒன்பது வருடத்துக்கு முன்னால், நான் கல்லூரிக்குப் போவதாகச் சொல்லிவிட்டு இவள் கூட்டத்தோடு சுற்றிய காலம். ஒருநாள் மழை. கூட்டம் இதே தேவாலயத்துக்குள் மாட்டிக்கொண்டது. சொல்ல இருந்ததெல்லாம் தீர்ந்துபோய், கண்ணில் பட்ட பள்ளத்தைக் காட்டி பீரங்கிக் குண்டு என்றாள். எல்லோரும் வரிசையாகத் தடவிப் பார்த்தார்கள். இரண்டு வருடம் அதையே சொன்னாள். பிறகு கூட்டத்தில் வந்த ராணுவத்துக்காரர் ஒருவர், குண்டு பட்டிருந்தால் தூணே இருக்காது என்று சொல்லிவிட, வாளுக்கு மாறினாள். வாள் இன்னும் நன்றாக எடுபட்டது. அந்த இரண்டு வருடத்துக்குள் வந்த யாரோ எழுதிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

"சார், அது நான் சொன்னது," என்றாள் அக்கா.

"எது?"

"பீரங்கி. நானா சொன்னேன். மழை விடல, அதான்."

"அப்போ வாள்?"

"அதுவும் நான்தான்."

புதுமாப்பிள்ளை சிரித்துவிட்டான். பெண்டாட்டி அவன் தொடையில் கிள்ளினாள். தேர்வாளர் சிரிக்கவில்லை. ஷூவைக் கீழே வைத்தார்.

"அப்போ நிஜமா எப்படிம்மா வந்துச்சு?"

அக்காவுக்குத் தெரியாது. பதில் பின்னாலிருந்து வந்தது. மணிக்காரர். அந்தத் தேவாலயத்தில் மணியடிப்பது, பெருக்குவது எல்லாம் அவர்தான். மதியம் சாத்துவதற்காகத் துடைப்பத்தோடு நின்றிருந்தார்.

"எங்க அண்ணன் பெட்டி உரசினது. அண்ணன் நல்ல கனம். நாலு பேரால தூக்க முடியலன்னு சாமான் வண்டியில வச்சு உருட்டினோம். வண்டி தூணுல போய் இடிச்சுது, பெட்டியோட இரும்பு முனை கல்லைக் கீறிடுச்சு. இருபத்தாறு வருஷம் ஆச்சு. பாதிரியார் பெட்டியைப் பார்க்கல, தூணைத்தான் பார்த்தார்."

"இத்தனை வருஷமா நான் சொல்றதைக் கேட்டுட்டுதானே இருந்தீங்க?" என்றாள் அக்கா.

"கேட்டேன். நல்லாத்தானே சொல்றே."

தேர்வாளர் விடைத்தாளைத் திருப்பிப் பார்த்தார், பின்பக்கம் ஏதாவது இருக்குமோ என்று. ஒன்றுமில்லை.

"இங்க பாரும்மா. என்கிட்ட இருக்கறது ஒரே பதில். சவப்பெட்டின்னு எழுத எனக்கு அதிகாரம் இல்ல. நீ முதல்ல சொன்னது என் காதுல விழலன்னு வச்சுக்கறேன். இன்னொரு தடவை கேக்கறேன், அவ்வளவுதான். கால் வலி உயிர் போகுது."

அக்கா மணிக்காரரைப் பார்த்தாள். அவருடைய அண்ணன் பெட்டி உரசிய தூணுக்கு முன்னால், அவரையே வைத்துக்கொண்டு சொல்ல வேண்டும். அவளாகக் கட்டிய பொய்களை அவள் கூசாமல் சொல்லிப் பார்த்திருக்கிறேன். நிஜம் தெரிந்த பிறகு சொல்லிப் பார்த்ததில்லை.

"சொல்லும்மா," என்றார் மணிக்காரர். "அவன் எந்திரிச்சு வந்து கேக்கவா போறான்? எனக்கும் சாத்தணும்."

"இந்தப் பள்ளம் எப்படி வந்துச்சு?" என்றார் தேர்வாளர்.

அக்கா தூணைத் தொடவில்லை. மற்ற நாளில் தொட்டுத்தான் காட்டுவாள்.

"பீரங்கிக் குண்டு பட்டது."

பேனா ஒரு கோடு இழுத்தது. "பாஸ். இனிமே எல்லாக் கூட்டத்துக்கும் இதையே சொல்லணும், ஞாபகம் இருக்கட்டும். வாள் எல்லாம் வேணாம்."

"வாள் நல்லா இருக்கும் சார்."

"நல்லாத்தான் இருந்துச்சு. பேப்பர்ல இல்லையே." ஷூவை எடுத்துக்கொண்டு, என்னைக் காட்டி அக்காவிடம் சொன்னார். "உன் தம்பியைச் சீக்கிரம் வீட்டுக்கு அனுப்பும்மா. நின்னுட்டே தூங்கறார். மூக்கைப் பார்த்தாலே தெரியுது, யாருன்னு கேக்கவே வேணாம்."

கூட்டம் வெளியே நகர்ந்தது. வாத்தியார், தம்பதி, தங்கைகள். குடைக்காரம்மா போகிற போக்கில் பள்ளத்தில் ஒரு விரலை விட்டுப் பார்த்துவிட்டுப் போனார். வழிகாட்டி எப்போதும் கடைசியில்தான் வெளியேற வேண்டும். அக்கா பெஞ்சுகளை ஒருமுறை பார்த்தாள், தலைகளை எண்ணினாள், மணிக்காரரிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

"நாளைக்கு எத்தனை மணிக்குக் கூட்டம்?" என்று கேட்டார் அவர்.

"பத்து."

"பத்துக்குத் திறந்து வைக்கிறேன்."

அவள் வாசலைத் தாண்டினாள். முன்பக்கமாகத்தான் நடந்தாள். அவள் முதுகுக்குப் பின்னால் இரண்டு கதவும் சேர்ந்தன. உள்ளே சாவி இரண்டு சுற்றுச் சுற்றியது.