ஆட்டத்துக்கு ஒரு புள்ளி

நான் சொன்னபோது காதிலேயே வாங்காதவர்கள், இப்போது மட்டும் எப்படி ஒரு சொல் பிசகாமல் ஞாபகம் வைத்திருக்கிறார்கள்?

அவள் இதை வாய்விட்டுக் கேட்கவில்லை. கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்க்கும் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, மேனேஜர் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

கோடையின் முதல் இரண்டு வாரம் கடையில் ஒருவருக்குத்தான் லீவு. வருடாவருடம் அதற்கு மல்லுக்கட்டு. இந்த முறை கால்பந்துப் போட்டி வந்தது. பதினாறு அணிகளில் யார் யாரை வெல்வார்கள், கோப்பை யாருக்கு என்று எல்லோரும் முன்கூட்டியே எழுதித் தருவது, அதிகப் புள்ளி எடுப்பவருக்கு லீவு என்று மேனேஜர்தான் யோசனை சொன்னார். கணக்கு வைக்கும் வேலையை அவள் தலையில் கட்டினார்கள்.

அன்றைக்கே அவள் சொன்னாள்: முதல் சுற்றை யாரும் ஊகித்துவிடலாம், கடைசிவரை சொல்வதுதான் கஷ்டம், சுற்றுக்குச் சுற்று புள்ளியை இரட்டிப்பாக்கினால்தான் நியாயம். பந்து உருண்டையா சதுரமா என்று தெரியாதவள் சட்டம் போடுகிறாள் என்று மேனேஜர் சிரித்தார். கல்லாவில் உட்காரும் அக்காவும் சிரித்தாள். ஆட்டத்துக்கு ஒரு புள்ளி என்று முடிவானது.

அவள் அணிகளைப் பற்றி விழுந்து விழுந்து படித்தாள். எல்லாம் மகளுக்காக. விவாகரத்துக்குப் பின் மகள் அப்பாவோடு இருக்கிறாள். அந்த இரண்டு வாரம்தான் அம்மாவுக்கு. போன வருடம் லீவு கிடைக்காமல், பிள்ளை பகலெல்லாம் பூட்டிய வீட்டில் டிவி பார்த்துக் கிடந்தது. "நீ இல்லாத வீட்டுக்கு நான் எதுக்கும்மா வரணும்?" என்று கிளம்பும்போது கேட்டது.

இப்போது இறுதி ஆட்டம் மட்டும் பாக்கி. அவளுக்குப் பதினொன்று, மேனேஜருக்கு எட்டு. மற்றவர்கள் அதற்கும் கீழே. ஆனால் அவர் கோப்பைக்கு எழுதிய அணி இறுதிக்கு வந்திருந்தது.

"நீ சொன்னதுதாம்மா நியாயம். நாங்கதான் அப்ப புரிஞ்சுக்கல," என்றார் குழைவாக. "ரவுண்டுக்கு ரவுண்டு டபுள், ஃபைனலுக்கு எட்டு. அப்படியே மாத்தி எழுதிடு."

அவள் மனதுக்குள் கூட்டிப் பார்த்தாள். அவர் அணி ஜெயித்தால் அவளைத் தாண்டிவிடுவார்.

"அவர் குடும்பத்துக்கே டிக்கெட் போட்டாச்சு," என்றாள் அக்கா. "உனக்கென்ன, ஒண்டிக்கட்டை. எப்ப வேணா எடுத்துக்கலாம்."

மேனேஜர் சொன்னது சரி என்பதுதான் அவளை எரித்தது. இப்போதும் அதுதான் நல்ல விதி. பிள்ளையோடு இருக்க நேரமே இல்லை என்று ஒருநாள் அலுத்துப்போய்ச் சொன்னதைக் கணவன் பத்திரமாக வைத்திருந்து, கோர்ட்டில் எடுத்து நீட்டினான். அதுவும் அவள் சொன்னதுதான், ஒரு வார்த்தை கூடுதலில்லை. அவளுடைய சொல்லுக்கு அடுத்தவர் வாயில் போனபிறகுதான் விலை.

ஒரே ஒரு புள்ளிதானே என்று, கோப்பைக்கு மட்டும், ஆட்டக்காரர்களின் சட்டை நிறம் பிடித்துப்போன ஓர் அணியை எழுதியிருந்தாள்; அது எப்போதோ தோற்றுப் போயிருந்தது. எட்டுப் புள்ளி என்று தெரிந்திருந்தால் அப்படியா எழுதியிருப்பாள்?

மேனேஜர் பேனாவை நீட்டினார்.

"நல்ல ரூல்தான் சார். அடுத்த போட்டிக்கு வச்சுக்கலாம்," என்றாள். குரல் உயரவில்லை. "இதை நான் மாத்தி எழுத மாட்டேன்."

பேனா நீண்டபடியே இருந்தது. அவள் கை நீட்டவில்லை.