ஆங் என்றால் என்ன, ஜெகநாதன் சார்?

1

இந்தக் கதை என்னுடையது அல்ல, கண்ணுகளா. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திருத்தணியிலிருந்து பொதட்டூர்பேட்டை போகும் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தையல் டீச்சர் ஒருவர் பாதி சிரிப்பும் பாதி மூச்சுமாகச் சொன்னது. இறங்கவேண்டிய இடம் வந்தும் நான் இறங்கவில்லை. இரண்டு ஸ்டாப் தள்ளி இறங்கி வெயிலில் திரும்பி நடந்தேன். கால் தரையில் பாவவில்லை. பள்ளியின் பெயரை விட்டுவிட்டேன், ஆட்களின் பெயரை மாற்றிவிட்டேன். மிச்சத்தில் எது அவர் சொன்னது, எது நான் சேர்த்தது என்று கேட்காதீர்கள், எனக்கே கலந்துவிட்டது.

தொடங்கிப் பார்த்தவை:

மலைக்கோவிலில் மணி அடித்தபோது— (வேண்டாம். திருத்தணிக் கதை என்றால் மணி அடித்தே ஆகவேண்டுமா?)

இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டு, தகவல் தொழில்நுட்பத்தின் பயன்கள் ஊரக மாணவிகளுக்கும்— (இது கதையா, சுற்றறிக்கையா?)

வள்ளியம்மாள் லேப்டாப்புக்கு ஜாக்கெட் தைத்தாள்.

ஆங், இது! இதையே பிடித்துக்கொண்டு போகலாம்.

2

வள்ளியம்மாள் லேப்டாப்புக்கு ஜாக்கெட்* தைத்தாள். நீலப் பூப்போட்ட துணி, உள்ளே பஞ்சு, ஓரத்தில் லேஸ். அந்த அரசு பெண்கள் பள்ளிக்குக் கறுப்புக் கருவி வந்து இறங்கிய அன்று, உருப்படியான தாழ்ப்பாளும் உயிருள்ள ப்ளக் பாயிண்ட்டும் இருந்த ஒரே அறை தையல் அறைதான். பொறுப்பு தையல் டீச்சர் தலையில் விழுந்தது.

“இன்னாம்மா வள்ளியம்மா, கொழந்தைக்குத் தைக்கற மாதிரி தச்சிருக்கே?” என்றார் தலைமை ஆசிரியை சாய்லக்ஷ்மி.

“தூசி பட்டா தும்மும் மேடம்.”

விஷயம் இதுதான். ப்ளஸ் ஒன் கணக்கு க்ரூப்பில் பத்தொன்பது பெண்கள். கணக்கு டீச்சர் மாற்றலாகிப் போய் ஒரு வருடம். புது ஆள் வரவில்லை. சென்னையிலிருந்து ஜெகநாதன் என்ற ஆசிரியர் இன்டர்நெட் வழியாகத் தினம் முக்கால் மணி நேரம் பாடம் நடத்துவார். அப்புறம் பிள்ளைகள் தாங்களே கரும்பலகையில் கணக்குப் போட்டுப் பார்த்து, விடைகளை டைப் செய்து அனுப்ப வேண்டும். பத்து நாள் சோதனை. கணக்கு டீச்சர் இல்லாத இன்னொரு பள்ளியிலும் இதே சோதனை. பத்து நாள் முடிந்ததும், இரண்டில் ஒரு பள்ளிக்குத்தான் வருடம் முழுக்க லேப்டாப்பும் வகுப்பும். மற்றப் பள்ளியில் கணக்கு க்ரூப்பை மூடிவிடுவார்கள். யாருக்கு என்று ஜெகநாதன் சார்தான் எழுதிக் கொடுக்க வேண்டும்.

இங்கே மூடினால் பத்தொன்பது பேரும் தொழிற்கல்விக்கு, அதாவது வள்ளியம்மாளின் தையல் வகுப்புக்கே வந்து சேர வேண்டும்.

(* எங்கள் பக்கம் ஜாக்கெட் என்றால் ரவிக்கை. இதுவும் அப்படித்தான்; முன்பக்கம் கொக்கிகூட வைத்திருந்தாள்.)

3

இந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டு வள்ளியம்மாளைச் சந்தேகப்பட்டேன். அவள் வகுப்பில் அப்போது ஆறே பேர். பத்தொன்பது பேர் வந்தால் அவளுக்கு நல்லதுதானே? கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருந்தாலே போதும். அடுத்தவர் வகுப்புக்காக ஒருத்தி இப்படி ஓடுவாளா? கதைக்காக அவளை நல்லவளாக்குகிறேனோ?

பஸ்ஸிலேயே இதை அந்த டீச்சரிடம் கேட்டிருந்தேன். வாய் சும்மா இருக்காதே எனக்கு.

“கணக்குக்குன்னு வந்த பொண்ணு கையில ஊசியக் குடுத்தா, அது என்னத்தான்மா குத்தும்” என்றார்.

சரி. மேலே போகலாம்.

4

முதல் நாள். பாடம் அணிகள், அதாவது மேட்ரிக்ஸ். திரையில் ஜெகநாதன் சாரின் முகம் தெரிந்ததும் பத்தொன்பது பேரும் எழுந்து நின்றார்கள். வள்ளியம்மாளும் எழுந்தாள். அவருக்கு அது தெரியாது. லைன் மெதுவானது, இங்கிருந்து படம் போகாது, குரல் மட்டும்தான் போகும்.

“படுக்கை வசத்துல போறது நிரை. செங்குத்தா நிக்கறது நிரல். புரியுதா?”

“ஆங்!” என்றார்கள் பத்தொன்பது பேரும்.

“சரி, இன்னொரு தடவை சொல்றேன். படுக்கை வசத்துல போறது…”

இரண்டாம் நாளும் நிரை, நிரல். மூன்றாம் நாளும். போட்டு அனுப்ப ஒரு கணக்கும் தரவில்லை.

(முதல் பெஞ்சில் தணிகைச்செல்வி இருக்கிறாள்; பொதட்டூர்பேட்டை நெசவாளர் வீட்டுப் பெண். நிரையையும் நிரலையும் குறுக்கே ஓடும் ஊடை, நெடுக்கே ஓடும் பாவு என்று ஓர் உவமையில் இழுத்துக் கட்டினேன், அடித்துவிட்டேன். நெசவுக்காரப் பெண் போகிற இடமெல்லாம் தறியையும் தூக்கிக்கொண்டே போகவேண்டுமா? அவளுக்குக் கணக்கு கணக்காகவே பிடிக்கும்.)

“இன்னாடி இவரு, மொதல் பக்கத்த விட்டு நவுரவே மாட்றாரு?” என்றாள் அவள்.

“அஸ்திவாரம் ஸ்ட்ராங்கா போடறாராம்” என்றாள் பக்கத்தில் இருந்த ப்ரியா.

“வீடு எப்போ கட்டுவாரு? பரீச்ச முடிஞ்சா?”

ஐந்தாம் நாள் மாலை தலைமை ஆசிரியைக்கு ஜெகநாதன் சாரிடமிருந்து போன் வந்தது. “மேடம், உங்க பிள்ளைங்க அடிப்படையிலயே வீக். அந்தப் பள்ளியில பத்தாம் பக்கம் தாண்டியாச்சு.”

சாய்லக்ஷ்மியின் முகம் போன போக்கைப் பார்த்த வள்ளியம்மாள் போனை வாங்கிக்கொண்டாள். கேட்டு வாங்கினாளா, பிடுங்கினாளா என்பதில் பஸ் டீச்சர் மழுப்பினார்.

“சார், தையல் டீச்சர் பேசறேன். ஏன் சார் சொன்னதையே சொல்லிகினு இருக்கீங்க?”

“அவங்கதானேம்மா ‘ஆங்? ஆங்?’னு கேட்டுக்கிட்டே இருக்காங்க! எத்தனை தடவைதான் நானும் சொல்றது?”

“ஐயோ சார்! ஆங்னா ஆமாம் சார்! புரிஞ்சுதுன்னு சொல்றாங்க சார்!”

“ஆமாமா?”

“ஆங்!”

“அதாம்மா, நான் என்ன சொல்றேன்னா, எத்தனை தடவை…”

சாருக்குச் சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். அங்கே ‘ஆங்’ என்றால் காது கேட்கவில்லை என்று அர்த்தம் போல. மெதுவான லைனில் குரலின் ஏற்ற இறக்கமும் தேய்ந்து, பத்தொன்பது பேரின் தெளிவு அவர் காதில் பத்தொன்பது பேரின் குழப்பமாகப் போய் விழுந்திருக்கிறது. ஐந்து நாள், கண்ணுகளா! ஐந்து நாள்!

5

‘புரிஞ்சுது சார்’ என்று சொல்லச் சொல்லி வள்ளியம்மாள் பிள்ளைகளைப் பழக்கிப் பார்த்தாள். உதட்டில் ‘பு’ வருவதற்குள் தொண்டையிலிருந்து ‘ஆங்’ குதித்தது. பிறந்ததிலிருந்து சொல்லும் சொல் ஒரே ராத்திரியில் போகுமா? கடைசியில் தன் மர ஸ்கேலை எடுத்தாள்.

“வாயே தொறக்காதீங்கடி. புரிஞ்சா மேசையில ஒரு தட்டு. புரியலன்னா ரெண்டு.”

சாருக்கும் இதைப் போனில் சொல்லிவைத்தாள். ஆறாம் நாள். டக்! அடுத்த பக்கம். டக்! அதற்கடுத்தது. டக் டக்! சார் நின்று, இன்னொரு விதமாகச் சொன்னார். டக்! அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, “அடேயப்பா, நீங்களா இது?” என்றார். சனிக்கிழமையும் வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை வாட்ச்மேன் வீட்டுக்குப் போய்ச் சாவி வாங்கி வந்தார்கள். கரும்பலகை போதாமல் துணி வெட்டும் மேசைமேல் சாக்பீஸால் கணக்குப் போட்டார்கள். தணிகைச்செல்வி இரண்டே விரலால் டைப் செய்தாள். விடை போய்ச் சேர்ந்தது என்று திரை சொன்ன ஒவ்வொரு முறையும் அறை அதிர்ந்தது. வள்ளியம்மாளுக்குக் கணக்கில் ஓர் எழுத்தும் புரியவில்லை. ஆனாலும் ஒவ்வொரு தட்டுக்கும் அவள்தான் முதலில் சிரித்தாள்.

ஒன்பதாம் நாள் பத்தாம் பக்கத்தைத் தாண்டினார்கள்.

6

பத்தாம் நாள் சார் சொன்னார்: “கடைசிக் கேள்வி. ரெண்டு பள்ளிக்கும் இதேதான். நான் நடத்தாதது. இந்த அணிக்கு நேர்மாறு கண்டுபிடிக்க முடியுமா?”

எழுதி அடித்த முடிவுகள்:

தணிகைச்செல்வி பாய்ந்து போய்க் கரும்பலகையில்— (வேண்டாம். அது ப்ளஸ் டூ பாடம். மேதையாக இருந்தால்தான் ஒரு பெண்ணுக்கு டீச்சர் கிடைக்க வேண்டுமா?)

அந்த நேரம் பார்த்துக் கரெண்ட்— (வேண்டாம். பழியை மின்சாரத்தின் மேல் போட்டுவிட்டு நான் தப்பிப்பதா?)

அந்த இன்னொரு பள்ளியில்— (இங்கேதான் என் கை நின்றது. அங்கேயும் பெண்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருத்தியின் பெயரைக்கூட உங்களுக்கு நான் சொல்லவில்லை. பஸ்ஸில் யார் பக்கத்தில் உட்கார்ந்தேனோ அவர்கள் பக்கம் சாய்ந்துவிட்டேன். கதை எழுதுகிறவள் செய்யும் அநியாயம் இது.)

நடந்ததை மட்டும் எழுதுகிறேன். யாரும் மேசையைத் தொடவில்லை. ஒரு தட்டுத் தட்டிவிட்டு அப்புறம் சமாளிக்கலாம் என்று ப்ரியா கண்ணால் கெஞ்சினாள். வள்ளியம்மாள் ஸ்கேலைத் தணிகைச்செல்வியின் பக்கம் நகர்த்தினாள். அவள் இரண்டு தட்டுத் தட்டினாள். பிறகு எழுந்து, மைக்கில் வாய் படுகிற மாதிரி குனிந்தாள்.

“தெரியாது சார். நாளைக்குச் சொல்லித் தர்றீங்களா?”

7

அதற்கப்புறம் நடந்ததையும் டீச்சர் சொன்னார். நான் எழுதப் போவதில்லை. ஜெகநாதன் சாரை எழுப்பிவிட்டு, சென்னையில் அந்த நாற்காலியில் உங்களை உட்கார வைக்கிறேன்.

முன்னால் ஒரு தாள். இரண்டு பள்ளிகளின் பெயர். ஒன்றை அடிக்க வேண்டும். இன்னொரு பள்ளி ஒரு மணி நேரம் முன்பே இதே கேள்விக்கு விடை அனுப்பிவிட்டது. சரியான விடை. யாரோ ஒரு பெண் யாரும் சொல்லாமலே ப்ளஸ் டூ புத்தகத்தைத் தேடி எடுத்துப் படித்திருக்கிறாள்.

இந்தப் பக்கம் பத்தொன்பது பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். தணிகைச்செல்வி இன்னும் உட்காரவில்லை. நாளைக்கு என்றுதான் கேட்டாள்.

பேசுங்கள், கண்ணுகளா. லைன் இருக்கிறது.